தட்டினால் ஓடிவரும் குஞ்சுகள்

ஏப்ரல் 3, புதன்

குஞ்சு வண்டிக்காரன் காலையிலேயே வருகிறேன் என்றவன், வெயில் உச்சிக்கு ஏறியபிறகு வந்தான். ஐம்பது நாட்டுக்கோழிக் குஞ்சுகள். நேற்றுப் பொரித்தவை. பெட்டியைத் திறந்ததும் ஒரே கீச்சு. எனக்குத் தலைவலி ஆரம்பித்தது.

ஷெட்டு மூன்று வருடமாகக் காலி. பிராய்லர் விட்டுக்கொண்டிருந்த காலத்தில் என் வீட்டுக்காரர் ஒருவரே மூவாயிரம் கோழிகளைக் கட்டி மேய்த்தார். இப்போது ஒரு மூலையைக் கூட்டி, தகரத்தை வட்டமாக வளைத்து நிறுத்தி, உள்ளே உமி கொட்டி, அதன்மேல் பழைய பேப்பரை விரித்தேன். நான் விரித்து முடிக்கும்வரை பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "ஒரு வாரத்துக்குப் பேப்பர எடுத்துறாத குணா. உமியத் தீவனம்னு நெனச்சுத் தின்னுபோடும். இரைப்பைல போய் அடைச்சுக்கும்" என்றார். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. இதெல்லாம் அவருக்கு நினைவிருக்கிறது.

குஞ்சு வாங்கிய கதையை எழுதிவிடுகிறேன். போன வாரம் நந்து போன் செய்தான். சித்திரை ஒன்றுக்கு வருகிறானாம். கோயமுத்தூரில் அப்பா மாதிரி ஆட்களை வைத்துப் பார்த்துக்கொள்ளும் ஓர் இல்லத்தைப் பார்த்து வைத்திருக்கிறானாம். "வந்து அப்பாவப் பாத்துட்டு முடிவு பண்ணிக்கலாம்மா" என்றான். நான் சும்மா இருந்திருக்கலாம். "உங்கப்பனுக்கு ஒண்ணுமில்ல, திரும்பக் கோழி வளக்குறாரு" என்று சொல்லிவிட்டேன். சொன்னபிறகு வாங்க வேண்டியதாகிவிட்டது.

ஏப்ரல் 4, வியாழன்

குஞ்சுகள் நன்றாக இருக்கின்றன. மோட்டார் ஓடவில்லை. அவர் இரண்டு முறை குளித்தார், அதனால் தொட்டியும் காலி.

ஏப்ரல் 5, வெள்ளி

ரேஷன் கடையில் வரிசை நகரவே இல்லை. திரும்பி வந்தபோது ஷெட்டின் நாலு பக்கப் படுதாவும் இறங்கிக் கிடந்தது. உள்ளே போனால் அடுப்பு வாயில் முகத்தை வைத்த மாதிரி அனல். தகர வட்டத்தின் நடுவில் மண்பானை, அது நிறையக் கொட்டாங்குச்சிக் கரி, கனகனவென்று.

பனிக்காலத்தில் கரண்டு போனால் குஞ்சுகளுக்குச் சூடு காட்ட இப்படித்தான் பானையில் கரி போடுவார்கள். பங்குனி வெயிலில் யாரும் போட மாட்டார்கள். படுதாக் கயிறு பழசு, காற்றில் அவிழ்ந்திருக்கும். கரியை யார் போட்டது என்று இங்கே நான் எழுதப் போவதில்லை. அவர் கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டேன். நகக்கண்ணில் இருந்தது மட்டும் போகவில்லை.

குஞ்சுகளெல்லாம் தகரத்தோடு ஒட்டிக்கொண்டு, வாயைப் பிளந்து, இறக்கையை விரித்துக் கிடந்தன. பாதி தலை தூக்கவில்லை. முறத்தில் அள்ளிப் போட்டு வேப்பமரத்தடிக்கு ஓடினேன். அறுபது வயதுக்கு மேல் ஓடுவது எப்படி இருக்கும் என்பது முட்டிக்குத்தான் தெரியும். சாக்கை நனைத்துத் தரையில் விரித்து, அதன்மேல் பேப்பர் போட்டுக் கிடத்தினேன். சர்க்கரையும் ஒரு சிட்டிகை உப்பும் கரைத்த தண்ணீரில் ஒவ்வொன்றின் அலகையும் தொட்டுத் தொட்டு எடுத்தேன். பக்கத்துத் தோட்டத்து மரகதம் சத்தம் கேட்டு ஃபிரிட்ஜ் தண்ணீர் பாட்டிலோடு வந்து நின்றாள்.

"இத மேல ஊத்துங்கக்கா, சூடு எறங்கட்டும்."

"ஊத்துனா வெறைச்சுப் போய்ச் சாகும். அந்தப்பக்கம் வை."

"நல்லதுக்குத்தானுங்க்கா சொன்னேன்" என்று அவள் முகம் சுண்டிவிட்டது. சமாதானம் சொல்ல எனக்குப் பொழுதில்லை.

ஒன்பது செத்துவிட்டன. முருங்கை மரத்துக்குப் பின்னால் குழி தோண்டிப் புதைத்தேன். அவர் வீட்டு வாசலில் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "பனி எறங்குது குணா. குஞ்சு வெறைச்சுப் போகப் போகுது" என்றார். முதுகெல்லாம் வேர்வை. ஸ்வெட்டரைக் கழற்றவே விடவில்லை.

சாயங்காலம் நந்து கூப்பிட்டான். அப்பா என்ன செய்கிறார் என்று கேட்டான். குஞ்சுகளைப் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்றேன். அதில் பொய் இல்லை.

ஏப்ரல் 6, சனி

நோஞ்சான்களை மட்டும் அட்டைப்பெட்டியில் போட்டுச் சமையலறையில் வைத்திருக்கிறேன். சூடு தாக்கிய குஞ்சுகளுக்கு எச்சம் பின்பக்கத்தில் ஒட்டிக் காய்ந்து அடைத்துக்கொள்ளும். வெதுவெதுப்பான தண்ணீரில் பஞ்சை நனைத்து ஊறவைத்து எடுக்க வேண்டும். இழுத்தால் தோல் வந்துவிடும். எனக்குக் கண்ணாடி போட்டும் சரியாகத் தெரியவில்லை. அவர் என் கையிலிருந்து வாங்கி, மடியில் துண்டை விரித்து உட்கார்ந்து, ஒவ்வொன்றாகச் சுத்தம் செய்தார். ஒரு குஞ்சும் கத்தவில்லை.

முடித்துவிட்டு, "யாரூட்டுக் குஞ்சு இதெல்லாம்?" என்றார்.

தீப்பெட்டியை நேற்று ராத்திரியே அரிசிப் பானைக்குள் ஒளித்து வைத்தேன். காலையில் காப்பி வைக்க நானே அதைத் தேடி அரை மணி அலைந்தேன்.

ஏப்ரல் 7, ஞாயிறு

விரித்திருந்த பேப்பரெல்லாம் நேர்த்தியாக மடித்து ஷெட்டு வாசலில் அடுக்கப்பட்டிருந்தது. உள்ளே வெறும் உமி. குஞ்சுகள் மும்முரமாகக் கொத்திக்கொண்டிருந்தன.

"ஒரு வாரம் ஆச்சுல்ல. இன்னும் எதுக்குப் பேப்பரு?" என்றார்.

ஒரு வாரம் ஆகியிருந்தால் அவர் செய்தது சரிதான். கோபம் வந்தது. யார்மேல் காட்டுவது? சத்துணவுக் கூடத்தில் முப்பது வருடம் பிள்ளைகளுக்குச் சோறு போட்டேன். ஒரு பிள்ளையையும் அடித்ததில்லை. இன்று அவர் கையைப் பிடித்துக் கொஞ்சம் வேகமாகவே வீட்டுக்கு இழுத்து வந்தேன். மணிக்கட்டில் சிவந்திருந்தது. எண்ணெய் தடவிவிட்டேன்.

ஏப்ரல் 8, திங்கள்

கோழிக்குக் கழுத்துக்குக் கீழே, நெஞ்சுக்கு மேலே ஒரு பை இருக்கிறது. தின்றதெல்லாம் முதலில் அங்கே போய்த்தான் உட்காரும். இரவெல்லாம் இறங்கி, விடியும்போது தொட்டால் காலியாக இருக்க வேண்டும். இன்று காலை தொட்டுப் பார்த்தேன். ஏழெட்டுக் குஞ்சுகளுக்குச் சுண்டைக்காய் மாதிரி கெட்டியாக இருந்தது. தின்ற உமி அத்தனையும் அங்கேயே இருக்கிறது. இறங்கவில்லை.

கால்நடை மருந்தகத்து டாக்டரம்மாவுக்குப் போன் போட்டேன். தீவனத்தை நிறுத்தி, தண்ணீர் மட்டும் காட்டி, ஒரு சொட்டுத் தேங்காய் எண்ணெய் விட்டு, விரலால் மெதுவாகப் பிசைந்து விடச் சொன்னார். எந்தக் காரணம் கொண்டும் தலைகீழாகப் பிடிக்கக் கூடாது என்றார். நான் போனை வைத்துவிட்டு வருவதற்குள் மரகதம் ஒன்றைத் தலைகீழாகப் பிடித்து அமுக்கிக்கொண்டிருந்தாள். வாய்க்கு வந்த தண்ணீர் மூச்சுக்குழாயில் போய், அவள் கையிலேயே அது அடங்கிவிட்டது.

"எங்கூட்டுல பெரிய கோழிக்கு இப்படித்தானுங்க்கா பண்ணுவம்" என்று அழுதாள். நன்றாகத் திட்டினேன். திட்டியதில் பாதிக்கு அவள் பொறுப்பில்லை.

ஏப்ரல் 9, செவ்வாய்

தேய்த்தேன். தண்ணீர் காட்டினேன். தேய்த்தேன். மேலும் ஒன்று போய்விட்டது.

ஏப்ரல் 10, புதன்

சாம்பார் தீய்ந்துவிட்டது. தீவன மூட்டைமேல் உட்கார்ந்து குஞ்சைத் தேய்த்துக்கொண்டே தூங்கியிருக்கிறேன். விழித்துப் பார்த்தால் மடியில் குஞ்சு இருக்கிறது, அவரைக் காணவில்லை. பல்லடம் ரோட்டில், பஸ் நிற்கும் இடத்தில் மரகதம்தான் பார்த்துக் கூட்டி வந்தாள். வீட்டுக்குப் போக பஸ்ஸுக்கு நிற்கிறேன் என்றாராம்.

"அண்ணன் ஒரு மாதிரி இருக்காருங்க்கா. உங்க பையனுக்குச் சொல்லீறலாமுங்களா?"

"வெயிலுக்குத் தலை சுத்தியிருக்கும். நீ ஒண்ணும் சொல்ல வேண்டாம்."

என் கையிலிருந்த குஞ்சை வாங்கித் தேய்க்க ஆரம்பித்தாள். இந்தத் தடவை சரியாகவே தேய்த்தாள்.

சாயங்காலம் ஒரு குஞ்சின் வாயிலிருந்து புளித்த வாடை வந்தது. அது பிழைக்காது என்று தெரிந்துவிட்டது. இருந்தாலும் தயிர்த் தண்ணீர் தொட்டு வைத்தேன்.

ஏப்ரல் 11, வியாழன்

புளித்த வாடை வந்த குஞ்சு செத்துவிட்டது. ஆனால் மற்றவற்றுக்கு இறங்கிவிட்டது! காலையில் தொட்டால் பை மெத்தென்று தளர்ந்திருந்தது. எச்சத்தில் உமி உமியாக வந்திருந்தது. அதைப் பார்த்து உட்கார்ந்து அழுதேன். கோழிப் பீயைப் பார்த்து அழுதவள் இந்தத் தாலுகாவிலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

வேகவைத்த முட்டையின் மஞ்சளை உதிர்த்து, கொஞ்சம் கொஞ்சமாகத் தின்னக் கொடுத்தோம். அவர் தட்டின் விளிம்பில் நகத்தால் டக் டக் என்று தட்டுவார். தட்டியதும் எல்லாம் உருண்டு புரண்டு ஓடிவருகின்றன. லைட்டுச் சூட்டில் வளரும் குஞ்சுகளுக்குத் தாய் கிடையாது. தட்டுகிற விரல்தான் தாய். இன்று பகல் முழுக்க அதையே செய்துகொண்டிருந்தார், சலிக்கவே இல்லை. எனக்கு ஒரு மணி நேரம் படுக்கக் கிடைத்தது.

ஏப்ரல் 12, வெள்ளி

முப்பத்தெட்டு இருக்கின்றன. நந்துவிடம் ஐம்பது என்று சொல்லியிருக்கிறேன். ஒன்றுகூடச் சாகவில்லை, அப்பாவின் கைராசி என்றும் சொல்லித் தொலைத்திருக்கிறேன். அவன் கணக்குப் பார்க்கிற வேலையில் இருப்பவன். வந்ததும் எண்ணுவான்.

மரகதத்தின் பெட்டைக்கோழி பொரித்த குஞ்சுகள் ஏறக்குறைய இதே அளவு. பன்னிரண்டைக் கேட்டேன். எதற்கு என்று அவள் கேட்கவில்லை. கூடையில் பிடித்துக் கொடுத்தாள். தாய்க்கோழி வேலிவரைக்கும் கத்திக்கொண்டே வந்தது. என்னால் அதைத் திரும்பிப் பார்க்க முடியவில்லை.

எல்லாவற்றையும் ஒன்றாக விட்டபிறகு எனக்கே அடையாளம் தெரியவில்லை. கறுப்பும் சாம்பலும் செம்மையுமாக எல்லாம் ஒரே கூட்டம்.

ஏப்ரல் 13, சனி

நாளைக்குச் சித்திரைக் கனி பார்க்க மாம்பழம், வாழைப்பழம், எலுமிச்சை வாங்கினேன். அவருக்கு முகச்சவரம் செய்துவிட்டேன். நாளைக்கு நந்து வருகிறான் என்று நாலு தடவை சொன்னேன். நாலு தடவையும் சந்தோஷப்பட்டார்.

இடுப்பு வலிக்கிறது. இது எல்லாருக்கும் வருகிற வலிதான்.

ஏப்ரல் 14, ஞாயிறு

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

நந்து காலையிலேயே வந்துவிட்டான். அவர் வாசலுக்குப் போய், "வாங்க தம்பி, கம்பெனில இருந்துங்களா?" என்றார். பிராய்லர் கம்பெனி சூப்பர்வைசர் என்று நினைத்துவிட்டார். நான் சிரித்துச் சமாளித்தேன், உங்கப்பா கேலி செய்கிறார் என்றேன். நந்து சிரிக்கவில்லை. குனிந்து அவர் காலைத் தொட்டான். அவர் கூச்சப்பட்டு நகர்ந்துகொண்டார்.

கனி பார்த்தோம். சாப்பாடு நன்றாகவே போனது. கோழியைப் பற்றிப் பேசும்போதெல்லாம் அவர் பழைய ஆளாகவே இருந்தார். எத்தனை நாளில் எத்தனை கிராம் எடை வரும், எந்தக் காற்றுக்கு எந்தப் படுதாவைத் தூக்க வேண்டும் என்று கடகடவென்று சொன்னார். நந்து முகத்தில் தெளிவு வந்ததைப் பார்த்தேன். "பரவால்லம்மா. நான் பயந்த அளவுக்கு இல்ல" என்று என் காதில் சொன்னான். எனக்குப் பாதி உயிர் வந்தது.

பிறகு ஷெட்டுக்குப் போனோம். அவர் தட்டை வைத்து நகத்தால் தட்டினார். நம் குஞ்சுகள் ஓடிவந்து அவர் கையை மொய்த்தன. பன்னிரண்டு மட்டும் வரவில்லை. தகரத்து ஓரமாகப் போய்த் தரையோடு அப்பிக்கொண்டன. அவர் தட்டுவதை நிறுத்தி அவற்றையே பார்த்தார். மறுபடி தட்டினார். மறுபடி பார்த்தார்.

"இதுக நம்முளுது இல்ல" என்றார்.

"எல்லாம் உங்க குஞ்சுதாம்ப்பா" என்றான் நந்து, பிள்ளையிடம் பேசுகிற குரலில்.

"இல்ல தம்பி. இதுக தாயோட திரிஞ்சதுக. தட்டுனா வராது. தாய் கூப்புட்டாத்தான் வரும். அடுத்தவிய ஊட்டுக் குஞ்சு இது. அங்க தாய் கத்தீட்டிருக்கும், கொண்டுபோய் உட்டுருங்க." கூடையை எடுத்து அந்தப் பன்னிரண்டை மட்டும் ஒவ்வொன்றாகப் பிடித்துப் போட ஆரம்பித்தார். ஒன்றைக்கூட மாற்றிப் பிடிக்கவில்லை.

நந்து அவர் தோளைப் பிடித்தான். "அப்பா, போதும். உடுங்க. எல்லாமே நம்ம குஞ்சுதான்." அவர் கையை உதறினார். குரல் ஏறியது. "நான் என்ன பொய்யா சொல்றேன்? குணா, நீ சொல்லு." நந்து என்னைத் திரும்பிப் பார்த்தான். இதைத்தான் சொன்னேன், பார்த்தீர்களா என்று அவன் பார்வையிலேயே இருந்தது.

இரண்டு பேரும் என்னைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். நான் சும்மா இருந்தால் அவருக்குப் புத்தி கலங்கிவிட்டது என்று ஆகும். இத்தனை மாதத்தில் அவர் ஒரு விஷயத்தை இவ்வளவு தெளிவாகச் சொன்னதே இல்லை. வாயைத் திறந்தால் கரிப்பானை வெளியே வரும். எது செய்தாலும் அவரைக் கூட்டிப் போய்விடுவான். அப்படித்தான் போக வேண்டும் என்றால், சரியாகச் சொன்னதற்காக அவர் போக வேண்டாம்.

"அவர் சொல்றது நெசம், நந்து. அந்தப் பன்னெண்டும் மரகதத்துது. நான்தான் வாங்கிக் கலந்து உட்டேன்."

அவர் உடனே அமைதியாகிவிட்டார். "பாத்தீங்களா தம்பி" என்று சொல்லிவிட்டு மறுபடி தட்ட ஆரம்பித்தார்.

வேப்பமரத்தடியில் வைத்து எல்லாவற்றையும் சொன்னேன். கரிப்பானை, படுதா, பேப்பர், பஸ் ஸ்டாப் எல்லாம். காற்று அவிழ்க்கவில்லை, அவர்தான் அவிழ்த்தார் என்றேன்.

"ஏம்மா எங்கிட்டச் சொல்லல?"

"சொன்னா கூட்டீட்டுப் போயிருவே."

"கூட்டீட்டுப் போனா அவருக்கு நல்லதுதானேம்மா?"

"அவருக்கு நல்லதுதான். அப்பறம் நான் என்னடா பண்றது?"

இதைச் சொல்ல வேண்டும் என்று நான் நினைக்கவே இல்லை. அவரை விட்டால் நான் யாருக்குச் சோறு போடுவது, யாரை அதட்டுவது, யாருக்கு மூச்சு வருகிறதா என்று விடியற்காலையில் பார்ப்பது? அதெல்லாம் கேட்கவில்லை. அந்த ஒரு வரிதான் வந்தது. நந்து அழுதுவிட்டான். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "உங்களால முடியுதாம்மா?" என்று கேட்டான்.

முன்பு கேட்டபோதெல்லாம் எத்தனையோ பேருக்கு முடிகிறது என்று சொல்லியிருக்கிறேன். இன்றைக்கு அது வரவில்லை. "முடியல கண்ணு" என்றேன்.

ஏப்ரல் 15, திங்கள்

அந்த இல்லம் வேண்டாம் என்று நந்துவே சொல்லிவிட்டான். அவன் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி, பகலில் மட்டும் வைத்துப் பார்த்துக்கொள்ளும் இடம் ஒன்று இருக்கிறதாம். சாயங்காலம் வீட்டுக்குக் கூட்டி வந்துவிடலாமாம். நான் கூடவே வர வேண்டும், மாடி அறையைத் தயார் செய்யச் சொல்லி ஷோபனாவிடம் பேசிவிட்டானாம். மருமகள் வீட்டில் போய் உட்காருவதா என்று வீம்புக்குக் கேட்டேன். அவன் என் துணிகளை மடிக்க ஆரம்பித்தான். கொசகொசவென்று மடித்தான். பிடுங்கி நானே மடித்தேன்.

பன்னிரண்டைத் திருப்பிக் கொடுக்கப் போனபோது முப்பத்தெட்டையும் மரகதத்திடமே கொடுத்துவிட்டேன். தட்டினால் வரும் என்று சொன்னேன். தெரியுமுங்க்கா என்றாள்.

மதியம் படுத்தவள் விளக்கு வைக்கும் நேரத்துக்குத்தான் எழுந்தேன். யாரும் எழுப்பவில்லை.

ஏப்ரல் 17, புதன்

கோயமுத்தூர். நந்துவின் வீடு. மாடி அறை.

காலையில் அவர் காரில் ஏறவில்லை. நந்து என்னென்னவோ சொல்லிப் பார்த்தான். டாக்டரைப் பார்க்கப் போகலாம் என்றான், மருதமலைக்குப் போகலாம் என்றான். அவர் திறந்த கார்க் கதவைப் பிடித்துக்கொண்டு அசையாமல் நின்றார். முன்பின் தெரியாதவர்களோடு போவதற்கு அவருக்குப் பயம். அது எனக்குப் புரிந்தது. நான் வீட்டைப் பூட்டிவிட்டுப் பையோடு வந்து பக்கத்தில் நின்றேன். என்னை நிமிர்ந்து பார்த்தார். பிறகு நந்துவை அருகில் வரச் சொல்லி, குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"தம்பி, அந்தம்மா வருதுங்களா?"

"எந்தம்மாப்பா?"

"இதா, குஞ்சத் தேச்சு உட்டுப் பொழைக்க வெச்சுதே, அந்தம்மா. பாவம், தூங்கவே இல்ல. அது வந்துச்சுன்னா நானும் வர்றேன்."

நந்து என் முகத்தைப் பார்க்காமல் திரும்பிக்கொண்டான். அழுதால் அவர் பயந்துவிடுவார் என்று அடக்கிக்கொண்டேன்.

"வர்றேனுங்க" என்று சொல்லிவிட்டு, நான் முதலில் ஏறி உட்கார்ந்து அவருக்கு இடம் விட்டேன்.